இறங்கும் நீர்மட்டம்: நேர்ப்பார்வையும் அரூபமும் சேர்ந்த ஒரு நிலக்காட்சித் தொடர் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்தப் பதிவில் வரும் ஓவியர் நாற்பதுகளின் நடுவில் இருப்பவர். கலைக் கல்லூரியை முடித்ததிலிருந்து நிலக்காட்சிதான் வரைகிறார். முதலில் நீர்வண்ணம், பிறகு ஆயில் (எண்ணெய் வண்ணம்). இடத்துக்கே போய், ஈசலை (படத்தைத் தாங்கும் சட்டத்தை) நிறுத்தி, ஒரே அமர்வில் படத்தை முடித்துக்கொண்டு திரும்புவது அவர் வழக்கம். நன்றாகப் பழகிய கை. மரத்தடி நிழலின் கனத்தையும் தூரத்து மலையின் நீலத்தையும் யோசிக்காமலே சரியாகப் போட்டுவிடுவார். அந்தப் படங்களை விரும்பி வாங்குகிறவர்களும் இருந்தார்கள்.

சில ஆண்டுகளாக அவருக்கு அது போதவில்லை. ஸ்டூடியோவில் பெரிய கேன்வாஸ்களில் அரூபமான, அதாவது பொருட்களை அப்படியே காட்டாத, நிலக்காட்சிகளைத் தொடங்கியிருந்தார். கைப்பேசியில் எடுத்த படங்களை எதிரே வைத்து, வடிவங்களைப் பெரிய தளங்களாகச் சுருக்கி, நிறத்தை ஏற்றி, பேலட் நைஃபால் (வண்ணம் பூசும் தட்டைக் கத்தியால்) இழுத்துச் செய்தவை அவை. ஒரே ஆளிடமிருந்து இரண்டு வகை வேலை வந்துகொண்டிருந்தது. ஒன்றுக்கும் மற்றதற்கும் ஒட்டு இல்லை. "ரெண்டும் ரெண்டு பேர் செஞ்ச மாதிரி இருக்கு சார். ஸ்பாட்ல வரைஞ்சதுல நான் இல்ல, ஸ்டூடியோவுல வரைஞ்சதுல இடம் இல்ல" என்றார் முதல் சந்திப்பிலேயே. பிரச்சினையை அவரே சரியாகச் சொல்லிவிட்டார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். காரணம் என்ன என்பது மட்டும் அப்போது எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

என் பங்கு சிறியது. இடத்தில் அவர் வேலை செய்யும்போது சில நாட்கள் உடனிருந்தேன். ஸ்டூடியோவில் படங்களைச் சேர்ந்து பார்த்தேன், கேள்வி கேட்டேன். தூரிகையைத் தொடவில்லை. அவர் சம்மதத்தோடு எழுதுகிறேன். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

முதலில் கண்டவை

இடத்தில் வரைந்தவற்றையும் ஸ்டூடியோவில் வரைந்தவற்றையும் எதிரெதிர்ச் சுவர்களில் சாய்த்து வைத்துப் பார்த்தோம்.

இடத்தில் வரைந்த படங்களில் எல்லாமே ஒரே கூர்மையோடு இருந்தன. முன்புறப் புல், நடுவில் ஒரு பாறை, தூரத்துக் குன்றின் விளிம்பு, மூன்றுக்கும் ஒரே கவனம். நம் கண் அப்படிப் பார்ப்பதில்லை. உண்மையில் கூர்மையாகத் தெரிகிற பரப்பு சுமார் 2 பாகைதான். கையை நீட்டிக் கட்டைவிரலைப் பார்த்தால் அதன் அகலம் ஏறக்குறைய அவ்வளவு. மற்றதெல்லாம் மங்கலாகத்தான் தெரிகிறது. கண் ஓடி ஓடி ஒவ்வொன்றாகத் தெளிவாக்கிக்கொள்கிறது. இந்த ஓவியர் ஒவ்வொரு ஓட்டத்தையும் விடாமல் பதிவு செய்து, எல்லாவற்றுக்கும் சம உரிமை கொடுத்திருந்தார். படம் எதைப் பற்றியது என்று கேட்டால் 'எல்லாவற்றையும்' என்றுதான் பதில் வரும்.

இன்னொன்றும் இருந்தது. சூரியன் மணிக்கு 15 பாகை நகர்கிறது. காலை ஒன்பதுக்குத் தொடங்கிப் பகல் பன்னிரண்டுக்கு முடித்த ஒரு படத்தில், இடது ஓரத்து மர நிழல் நீளமாகவும் வலது ஓரத்துப் பாறை நிழல் காலடியில் ஒடுங்கியும் கிடந்தன. அதாவது அந்தப் படம் எந்த ஒரு நேரத்திலும் இருந்ததில்லை. இதை அவரிடம் சுட்டிக்காட்டியபோது கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "அப்படின்னா நான் ஏற்கெனவே தேர்ந்தெடுத்துக்கிட்டுத்தான் இருந்திருக்கேன், தெரியாமலே" என்றார். அந்த வாக்கியம் பின்னால் மிகவும் பயன்பட்டது.

ஸ்டூடியோ படங்களில் வேறு சிக்கல். நிழல்கள் எல்லாம் தட்டையான கறுப்பு. வானம் வெள்ளை. பின்னாலிருந்த குன்று சிறுத்துப்போய், முன்புறம் தேவைக்கு மேல் அகன்றிருந்தது. இவை எதுவும் அவர் எடுத்த முடிவுகள் அல்ல. கைப்பேசியின் அகலக்கோண லென்ஸ் தூரத்தில் இருப்பதைச் சிறிதாக்கிக் காட்டுகிறது. அதன் சென்சார் வெளிச்சத்தின் இரு முனைகளையும் வெட்டிவிடுகிறது. கேமரா ஏற்கெனவே சுருக்கி வைத்ததை இவர் இன்னொரு முறை சுருக்கியிருந்தார். நிழலுக்குள் கண்ணால் பார்க்க முடிந்த பழுப்பும் ஊதாவும் அங்கே வர வழியே இல்லை.

ஒரு சோதனை செய்தோம். அவருடைய மூத்த நண்பர் ஒருவர், அவரும் ஓவியர், ஸ்டூடியோவுக்கு வந்திருந்தார். தலைப்புகளை மறைத்து, வேறு வேறு இடங்களை வைத்து வரைந்த அரூபப் படங்களை வரிசையாக வைத்தோம். "இடத்தின் பெயர் வேண்டாம், என்ன மாதிரி வெளிச்சம், என்ன நேரம்னு மட்டும் சொல்லுங்கண்ணே" என்று கேட்டார் ஓவியர். நண்பர் நிதானமாகப் பார்த்துவிட்டு, "எல்லாத்துலயும் ஒரே வெளிச்சம்தானேம்மா இருக்கு" என்றார். அதைவிட முக்கியமாக, இரண்டு படங்களில் எது எந்த இடம் என்பதில் ஓவியரே தடுமாறினார். அரூபப் படம் பார்ப்பவருக்கு இடத்தைக் காட்டித்தர வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. வரைந்தவருக்கே இடம் கலந்துபோனால், அந்த இடத்துக்குப் போனதற்கு என்ன பயன்?

இடத்தைத் தேர்ந்தெடுத்தது

முதல் முடிவு: ஒரே இடம், வறண்ட பருவம் முழுவதும். இடத்தில் கேமரா கிடையாது.

ஒரு நீர்த்தேக்கத்தின் உயர்ந்த கரையை அவர் தேர்ந்தெடுத்தார். எதிர்க்கரையில் பாறையும் புதருமாக ஒரு நீளமான குன்று. நடுவில் நீர். மழை நின்ற பிறகு நீர் மெல்ல இறங்கத் தொடங்கும். இறங்க இறங்க, வெளிறிய வண்டல் படிந்த கரை பட்டை பட்டையாக வெளிப்படும். காரணத்தைத் தெளிவாகச் சொன்னார். இதுவரை அவர் மாறாத காட்சிகளைத் தேடிப் போய், வெளிச்சம் மாறும்போது எரிச்சல்பட்டவர். இங்கே காட்சி தானாகவே மாறும். எதைப் பிடித்துக்கொள்வது, எதை விடுவது என்று ஒவ்வொரு முறையும் முடிவு செய்தே தீர வேண்டியிருக்கும்.

கேமராவை விலக்கியதில் அவருக்குத் தயக்கம் இருந்தது. விவரம் தவறிவிடுமே என்ற பயம். பதிலாக, ஒவ்வொரு ஸ்கெட்சின் பின்புறத்திலும் குறிப்பு எழுதுவது என்று வைத்துக்கொண்டோம்: நேரம், சூரியன் எந்தப் பக்கம், காற்று, மேகம், 'இன்று எது மாறியிருக்கிறது' என்று ஒரு வரி. இது பழைய வழக்கம்தான். ஆங்கில ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1821, 1822 ஆண்டுகளில் ஹாம்ப்ஸ்டெட்டில் வரைந்த மேக ஆய்வுகள் பலவற்றின் பின்னால் தேதி, நேரம், காற்றின் திசையை எழுதிவைத்திருக்கிறார். சில ஆய்வுகளில் மேகத்தைத் தவிர வேறெதுவும் இல்லை. நிலம் தெரியாத நிலக்காட்சி. அவற்றை அரூபம் என்று அவர் நினைத்திருக்க மாட்டார். இன்று பார்க்கும் நமக்கு அவை அதற்கு மிக அருகில் தெரிகின்றன. கூர்ந்த பார்வைதான் அவரை அங்கே கொண்டுவந்து விட்டது.

மூன்று டோன் ஆய்வுகள்

முதல் வாரங்களில் நிறமே இல்லை. உள்ளங்கை அளவுத் தாள்கள், மையும் தூரிகையும், மூன்று டோன் (வெளிச்ச இருள் அளவு) மட்டும்: வெள்ளை, நடுச்சாம்பல், கறுப்பு. கண்ணை இடுக்கிப் பார்த்து, எதிரே இருக்கும் ஒவ்வொரு பெரிய தளமும் இந்த மூன்றில் எதில் விழுகிறது என்று முடிவு செய்ய வேண்டும். நடுவாந்தரமாக நிற்க முடியாது.

இந்த நிகழ்வின் திருப்பம் இங்கேதான் வந்தது.

எல்லா ஆய்விலும் அவர் வானத்தை வெள்ளையாக விட்டு, கரையை நடுச்சாம்பலில் போட்டுக்கொண்டிருந்தார். வானம்தான் எப்போதும் மிகவும் வெளிச்சமானது என்பது நிலக்காட்சி கற்கும் எல்லோருக்கும் முதலில் சொல்லித்தரப்படும் விதி. பெரும்பாலும் அது சரியும்கூட. ஒரு காலையில் ஒரு தாளைக் குழாயாகச் சுருட்டி, அதன் வழியே முதலில் வானத்தை மட்டும், உடனே கரையை மட்டும் பார்க்கச் சொன்னேன். சுற்றியிருப்பவை மறைந்துவிட்டால் கண் பழக்கத்தால் ஏமாறுவது குறையும். சில தடவை மாற்றி மாற்றிப் பார்த்தார். கரைதான் வெளிச்சமாக இருந்தது. வானம் ஒரு படி கீழே.

காரணம் புரியாத ஒன்றல்ல. காலையில் சூரியன் அவர் முதுகுக்குப் பின்னால். எதிரே குன்றுக்கு மேலிருந்த வானம் ஆழ்ந்த நீலம். உலர்ந்த வெளிறிய வண்டல் நேர்வெயிலை அப்படியே திருப்பி வீசியது. மேகம் மூடிய நாளில் இது தலைகீழாகும்: வெளிச்சமே வானத்திலிருந்துதான் வருகிறது, கரை இருண்டுபோகும். ஒரே இடம், ஒரே பொருட்கள். ஆனால் இரண்டு வேறு படங்கள். பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக வானத்தை வெள்ளையாக விட்ட கை, அன்று முதன்முறையாக வானத்தின் மேல் சாம்பல் பூசியது. அந்தச் சின்னத் தாளை அவர் ஸ்டூடியோ கதவில் ஒட்டிவைத்திருந்தார்.

இதில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. பார்ப்பதைக் குறைத்தால் அரூபம் வரும் என்று நம்புகிற இளைஞர்களை நிறையப் பார்க்கிறேன். இங்கே நடந்தது நேர்மாறு. கரை வானத்தைவிட வெளிச்சம் என்ற அந்த உறவு எந்த விதியிலும் இல்லை, எந்தக் கைப்பேசிப் படத்திலும் இல்லை. கூர்ந்து பார்த்ததால் மட்டுமே கிடைத்தது. கிடைத்த பிறகோ, மரம், பாறை, புதர் எதுவும் இல்லாமலே ஒரு கேன்வாஸைத் தாங்க அது போதுமானதாக இருந்தது.

நினைவிலிருந்து வரைந்தது

அடுத்த முடிவு நினைவைப் பயன்படுத்துவது. கொஞ்ச நேரம் எதுவும் வரையாமல் பார்ப்பார். பிறகு காட்சிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து நினைவிலிருந்து வரைவார். மறுநாள் காலை ஸ்டூடியோவில், முந்தைய நாள் தாளைப் பார்க்காமல், இன்னொரு முறை. இரண்டிலும் தப்பிப் பிழைத்தது எதுவோ அதுதான் படத்துக்கான பொருள்.

அமெரிக்காவில் பிறந்த ஓவியர் விஸ்லர் 1870களில் வரைந்த தேம்ஸ் நதியின் இரவுக் காட்சிகள் இப்படி நினைவை நம்பி வந்தவைதான். ஆற்றங்கரையில் நின்று பார்த்து, திரும்பி நின்று மனத்தில் சொல்லிப் பார்த்துக்கொண்டு, ஸ்டூடியோவில் வரைவார். இதை எங்கள் ஓவியரிடம் சொன்னபோது, இருட்டில் வரைய முடியாததால் அவருக்கு வேறு வழி இல்லை, எனக்கு எதற்கு என்று கேட்டார். நியாயமான கேள்வி. செய்து பார்த்த பிறகே பதில் கிடைத்தது. நினைவுப் படங்களில் புதர்களும் குன்றின் விளிம்பும் முதலில் கழன்றுபோயின. அவர் எதிர்பாராத ஒன்று ஒவ்வொரு முறையும் தங்கியது: நீருக்கும் வெளிறிய கரைக்கும் நடுவே ஒரு மெல்லிய இருண்ட கோடு.

முதலில் அதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு இடத்துக்குப் போய் அதை மட்டும் பார்த்தார். நீரைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஈர மண் அது. ஈர மண், உலர்ந்த மண்ணைவிடக் குறைவான வெளிச்சத்தையே திருப்பி அனுப்பும், அதனால் இருளும். காற்றில்லாத காலையில் அந்தக் கோடு நூலிழை. காற்றடித்து அலை கரையேறும் நாளில் அது பட்டையாகத் தடித்துவிடும். ஆக, ஒரு கோட்டின் தடிமனில் அன்றைய காற்று எழுதப்பட்டிருந்தது. இதைக் கண்டுபிடித்த நாளில் அவர் குறிப்பில் எழுதிய வரி: 'கோடு தடித்திருக்கிறது, காற்று'.

கேன்வாஸுக்கு வந்தபோது

இப்போதுதான் ஆயிலும் பெரிய கேன்வாஸும். ஒவ்வொரு கேன்வாஸைத் தொடங்கும் முன்னும் அது எந்த உறவைப் பற்றியது என்று அவர் ஒரு வரியில் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். பொருளின் பெயர் கூடாது. இரண்டுக்கு நடுவில் உள்ள உறவு மட்டும். 'நீர்த்தேக்கம், காலை' என்றால் ஏற்கவில்லை. 'கரை வானத்தைவிட வெளிச்சம், இரண்டுக்கும் நடுவில் குன்று ஒடுங்குகிறது' என்றால் தொடங்கலாம்.

முதல் சில கேன்வாஸ்கள் நன்றாகவே வந்தன. குன்று ஓர் ஊதாச் சாம்பல் பட்டையாகச் சுருங்கியது. வானம் கனமான நீலத் தளம். கரை, வெள்ளையோடு கொஞ்சம் மஞ்சள் மண்நிறம் சேர்ந்த, தடித்த பூச்சு. யாரும் பார்த்த உடனே நீர்த்தேக்கம் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்த வெளிறிய தளம் கண்ணைக் கூசவைத்தது, அந்தக் காலை கூசவைத்ததைப் போலவே.

நடுவில் வந்த தேக்கம்

பிறகு வேகம் வந்தது. அதுதான் பிரச்சினை.

சக ஓவியர்கள் பார்த்துப் பாராட்டினார்கள். காட்சிக்கூடம் நடத்தும் ஒருவர் இதே போல இன்னும் சில வேண்டும் என்றார். அவர் இடத்துக்குப் போவதை நிறுத்தி, ஸ்டூடியோவிலேயே பட்டைகளை அடுக்கத் தொடங்கினார். நீலம், ஊதா, வெளிறிய மஞ்சள், மெல்லிய கோடு. நிறச் சேர்க்கை அழகு. விற்கவும் செய்யும். ஆனால் எல்லாப் பட்டைகளின் ஓரமும் ஒரே மாதிரி இருந்தது. பேலட் நைஃபின் அகலம்தான் பட்டையின் அகலம். அந்த இருண்ட கோடு எல்லாப் படத்திலும் ஒரே தடிமனில் ஓடியது. அதற்குக் காற்றோடு இருந்த தொடர்பு அறுந்து, அது வெறும் அலங்காரமாகிவிட்டிருந்தது. எதிரெதிர்ச் சுவர்களில் முதலில் பார்த்த பழைய அரூபப் படங்களுக்கும் இவற்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கைப்பேசியின் இடத்தில் இப்போது அவருடைய சொந்த வெற்றிகரமான படமே மாதிரியாக உட்கார்ந்திருந்தது.

இந்தக் கட்டத்தில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு வந்தது. அவர் டச்சு அரூப ஓவியர் மோந்திரியானைச் சுட்டினார். 1908 முதல் 1912 வரையான மரப் படங்களில் சிவப்பு மரம், சாம்பல் மரம், பூத்த ஆப்பிள் மரம் என்று படிப்படியாக மரம் கரைந்துகொண்டே போகிறதே, அவரும் ஒரு படத்திலிருந்துதானே அடுத்த படத்துக்குப் போனார் என்றார். என் பதில்: 1911இன் சாம்பல் மரத்தைக் கவனியுங்கள். கிளைகளுக்கு நடுவே இருக்கும் வெற்றிடம் கிளையளவுக்கே உறுதியாக இருக்கிறது. இலையுதிர்ந்த மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தவருக்குத்தான் அந்த வெற்றிடத்தின் உடல் தெரியும். அவர் ஒவ்வொரு படியிலும் எதையோ கழித்தார் என்பது சரி. ஆனால் கழித்தபோதெல்லாம் மரத்தைப் பற்றி அதுவரை சொல்லாத ஒன்று முன்னால் வந்தது. உங்கள் பட்டைகளில் அப்படி எது முன்னால் வருகிறது?

இதில் அவர் முழுதாக என்னோடு உடன்படவில்லை. மோந்திரியான் கடைசியில் மரத்தையே விட்டுவிட்டார் என்பதும் உண்மைதானே என்றார். உண்மைதான். அந்த வாதம் முடியவில்லை. ஆனால் பாதியில் நின்ற கேன்வாஸ்களை இடத்துக்கு எடுத்துப்போய்ப் பார்ப்பது என்று ஒப்புக்கொண்டார்.

கேன்வாஸை இடத்துக்கு எடுத்துப் போனது

கேன்வாஸை நேர்வெயிலில் வைக்கவில்லை. குடை நிழலில் வைத்தோம். வெயில் விழுந்தால் நிறம் இயல்பைவிடப் பளிச்சென்று தெரியும். அதை நம்பி நிறத்தை இருட்டாக்கிக்கொண்டே போனால், வீட்டுக்குள் கொண்டுவந்தபின் படம் மங்கிக் கிடக்கும். இடத்தில் வரைபவர்கள் பலர் கண்ட அனுபவம் இது.

கேட்ட கேள்வி ஒன்றுதான்: இந்தப் படம் சொல்லும் உறவு இங்கே உண்மையா? ஒப்புமை வேண்டாம், உறவு போதும்.

இதற்குள் நீர் வெகுவாக இறங்கியிருந்தது. நீர் நின்று நின்று இறங்கியதால், ஒவ்வொரு நிறுத்தமும் கரையில் ஒரு கோடாகப் பதிந்திருந்தது. அவர் ஸ்டூடியோவில் அந்தக் கோடுகளைச் சம இடைவெளியில் போட்டிருந்தார். இடத்தில் அப்படி இல்லை. எதிர்க்கரையில் அவை நெருக்கமான மெல்லிய இணைகோடுகள். அதே கோடுகள் வளைந்து இந்தப் பக்கம் வந்து, அவர் நின்ற சரிவான கரையின் அடியில் அகன்று விரிந்தன. மேலேயிருந்து கீழ்நோக்கிப் பார்ப்பதால் ஒவ்வொரு பட்டையும் முழு அகலத்தைக் காட்டியது. ஒரே நீர்மட்டம், அங்கே நூல், இங்கே பாய் அகலம். "இதை நான் தினமும் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன்" என்றார்.

ஓரங்களும் வேறு வேறாக இருந்தன. மேலே உள்ள பழைய பட்டை வெயிலில் வெடித்து உடைந்த ஓரத்தோடு. கீழே உள்ளது இன்னும் ஈரம் காயாமல், ஓரம் எது என்றே சொல்ல முடியாதபடி கரைந்து. ஆக, கூரான ஓரம் பழையது, மென்மையான ஓரம் புதியது. காலம் ஓரத்தில் இருந்தது. அங்கேயே நின்று இரண்டு கேன்வாஸ்களைச் சுரண்டி எடுத்தார். காட்சிக்கூடக்காரர் கேட்டிருந்த படங்கள் அவை.

இதற்குப் பிறகு வந்த படங்கள்தான் தொடரின் மையம். அடிவானமே இல்லாமல், கீழே அகன்று மேலே நெருங்கும் பட்டைகள். மேலே கூர்மை, கீழே கரைவு. காற்றுள்ள நாளின் படத்தில் இருண்ட கோடு தடிப்பு. அமைதியான நாளில் கத்தி நுனியால் கீறிய ஒரு கீற்று. ஒவ்வொன்றும் அரூபம், ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் இருந்தது. இந்திய ஓவியர் ராம் குமார் 1960 வாக்கில் வாரணாசிக்குப் போய்வந்த பிறகு வரைந்த படங்களை அப்போது அவருக்குக் காட்டினேன். நெருக்கியடித்த வீடுகளும் படித்துறைகளும் ஆண்டுகள் போகப் போகச் சரிவுகளாகவும் தளங்களாகவும் மாறுகின்றன. ஊரின் பெயர் மறைந்த பிறகும் அந்தக் கரையின் கனம் போகவில்லை. இதைத் தொடக்கத்திலேயே காட்டியிருந்தால் அவர் அந்தச் சரிவுகளைக் கடன் வாங்கியிருப்பார் என்பதால்தான் காத்திருந்தேன்.

கெட்டுப்போன ஒரு படம்

பெரிய கேன்வாஸ் ஒன்றில் அடியில் ஐவரி பிளாக் என்ற கறுப்பு வண்ணத்தைத் தடிப்பாகப் பூசி, அது முழுதாக உலரும் முன் மேலே எண்ணெய் குறைந்த அம்பர் (பழுப்பு மண்நிறம்) கலவையைப் போட்டிருந்தார். ஐவரி பிளாக் மிக மெதுவாக உலரும். அம்பரில் மாங்கனீசு இருப்பதால் அது வேகமாக உலரும். மேல் அடுக்கு இறுகிய பிறகும் கீழ் அடுக்கு அசைந்துகொண்டிருந்ததால் சில வாரங்களில் வெடிப்பு விட்டது. வெடித்த மேற்பரப்பு, காய்ந்த வண்டலைப் போலவே இருந்தது. ஸ்டூடியோவுக்கு வந்தவர்கள் அதைத்தான் முதலில் பாராட்டினார்கள்.

அவர் அதைத் தொடரிலிருந்து எடுத்துவிட்டார். வெடிப்பு மண்ணைப் பார்த்து வரவில்லை, வண்ணம் தப்பாக அடுக்கப்பட்டதால் வந்தது; பார்க்க ஒன்றுபோல இருக்கிறது என்பதற்காக அதைத் தன் பார்வை என்று சொல்ல மாட்டேன் என்றார். அது நிலைக்கவும் செய்யாது, உதிரும். இந்த முடிவில் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. மறுபடி செய்தபோது அடியடுக்குக்கு அம்பரும் அல்ட்ராமரீன் நீலமும் கலந்த கருமையைக் குறைந்த எண்ணெயில் மெல்லியதாக இட்டு, மேலே போகப் போக எண்ணெயைக் கூட்டினார்.

விளைவு

பருவம் முடிந்து நீர் மறுபடி ஏறத் தொடங்கியதும் தொடரை நிறுத்தினார். மூத்த நண்பரை மறுபடி அழைத்து, அதே சோதனை. இடம் எது என்று அவரால் சொல்ல முடியவில்லை, கேட்கவும் இல்லை. மேகம் மூடிய நாள் படங்களையும் வெயில் நாள் படங்களையும் தனித்தனியாகப் பிரித்துவைக்கச் சொன்னோம். ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சரியாகப் பிரித்தார். தவறிய படம், ஓவியரே நிச்சயமில்லாமல் முடித்த ஒன்று. "இதுல மட்டும் வெளிச்சம் எங்கிருந்து வருதுன்னு நீயே முடிவு பண்ணலைம்மா" என்றார் நண்பர்.

தொடரைக் கண்காட்சியில் வைத்தபோது வரவேற்பு கலவையாக இருந்தது. பழைய நிலக்காட்சிகளை வாங்கியவர்களில் சிலர் ஏமாற்றத்தை மறைக்கவில்லை. அவர்கள் தேடியது மரமும் வெயிலும். அதில் தவறு ஒன்றும் இல்லை. அரூப ஓவியம் பார்த்துப் பழகிய ஒருவர், சின்ன மூன்று டோன் ஆய்வுகளின் எதிரே பெரிய கேன்வாஸ்களைவிட அதிக நேரம் நின்றார். ஆய்வுகளைக் காட்சியில் வைப்பதா என்று நாங்கள் நெடுநேரம் விவாதித்துத்தான் வைத்தோம். வைத்தது சரி என்பது என் கருத்து. ஓவியருக்கோ, அவை விளக்கவுரை போல ஆகிவிடுமோ என்ற கவலை இன்னும் இருக்கிறது.

நான் முக்கியமாகக் கருதும் விளைவு வேறு. காட்சிக்குப் பிறகு அவர் இடத்தில் வரைந்த சாதாரணப் படங்கள், மரமும் பாறையும் உள்ளவை, மாறியிருந்தன. எல்லாம் ஒரே கூர்மையில் இருந்த பழக்கம் போய்விட்டது. ஒரு படத்தில் முன்புறம் முழுவதையும் ஒரே தளமாக விட்டு, ஒரு கிளையின் நிழல் விளிம்பை மட்டும் கூராக்கியிருந்தார். இரண்டு சுவர்களில் இருந்த இரண்டு வகைப் படங்களும் ஒரே கையிலிருந்து வந்தவையாகத் தெரியத் தொடங்கின.

அடுத்த முறை மாற்றுவது

கேன்வாஸை இடத்துக்கு எடுத்துப் போவதை நடுவில் தேக்கம் வந்த பிறகுதான் செய்தோம். அடுத்த தொடரில் முதல் கேன்வாஸிலிருந்தே அது வழக்கமாக இருக்கும். பெரிய கேன்வாஸைச் சுமப்பது சிரமம் என்பதால், அதே விகிதத்தில் ஒரு சிறு பலகையைக் கூடவே வளர்த்து, அதை எடுத்துப் போவதாகத் திட்டம்.

காட்சிக்கூடத்தாரையும் சக ஓவியர்களையும் தொடர் பாதியில் இருக்கும்போது ஸ்டூடியோவுக்கு அழைப்பதில்லை என்று அவர் முடிவு செய்திருக்கிறார். மூத்த நண்பருக்கு மட்டும் விலக்கு. அவர் பாராட்டுவதற்கு முன் வெளிச்சம் எங்கே என்று கேட்பவர்.

நிறத்தை இவ்வளவு தள்ளிப்போட வேண்டுமா என்பதில் எனக்கு இப்போது வேறு எண்ணம். மூன்று டோன் ஆய்வுகள் வெளிச்சத்தின் உறவைத் திறந்துகாட்டின. ஆனால் மேகமூட்ட நாளில் கரைக்கும் நீருக்கும் டோன் ஏறக்குறைய ஒன்றாகி, வெதுவெதுப்பான நிறம், குளிர்ந்த நிறம் என்ற வித்தியாசம் மட்டுமே அவற்றைப் பிரித்தது. கறுப்புவெள்ளை ஆய்வில் அது தெரிய வழியில்லை. நண்பர் தவறவிட்ட அந்த ஒரு படம் அத்தகைய நாளில் தொடங்கியதுதான். ஆகவே அடுத்த முறை மேகமூட்ட நாட்களுக்கு ஒரு வெதுவெதுப்பான சாம்பல், ஒரு குளிர்ந்த சாம்பல் என்று இரண்டே கலவைகளோடு தனி ஆய்வு வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன். அவர் அதைத் தொடங்கிவிட்டார்.